அப்பாவின் தகரப்பெட்டியில் கிடைத்த பித்தளைப் பொத்தான்கள்

அத்தை, காலை 9:12
அண்ணா, பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் தகரப்பெட்டிக்குள் ஐந்து பித்தளைப் பொத்தான்கள் கிடைத்தன. முகப்பில் ‘எஸ்.ஐ.ஆர்.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் புடைத்து நிற்கின்றன. இது எந்தப் படைப்பிரிவின் பெயர்? பச்சைக் களிம்பு ஏறியிருப்பதால் புளி போட்டுத் துலக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா, 9:20
புளியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், தங்கச்சி. பின்புறத்தில் செய்தவரின் பெயர் மிக மெல்லிய ஆழத்தில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். அழுத்தித் தேய்த்தால் முதலில் அழிவது அதுதான். காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டினால் போதும். இது படைப்பிரிவு அன்று, ‘சவுத் இந்தியன் ரயில்வே’, அதாவது தென்னிந்திய இரயில்வே. 1874இல் இரண்டு கம்பெனிகள் இணைந்து உருவாகி, 14-4-1951 அன்று தெற்கு இரயில்வேக்குள் அடங்கிய அதே பழைய கம்பெனி. பொத்தானைத் திருப்பி வைத்து, விளக்கொளி பக்கவாட்டிலிருந்து விழுமாறு படம் எடுத்து அனுப்பு. நேர் வெளிச்சத்தில் எழுத்து தெரியாது.

தம்பி, 9:41
அத்தைக்காக நான் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பெரியப்பா. வட்டமாக ‘பட்டன்ஸ் லிமிடெட், பர்மிங்ஹாம்’ என்று இருக்கிறது. பொத்தான் என்றுதானே எழுதியிருக்கிறது, கம்பெனியின் பெயரைக் காணவில்லையே?

பெரியப்பா, 9:50
அதுவேதான் கம்பெனியின் பெயர். பர்மிங்ஹாமில் பொத்தான் செய்துவந்த சில பழைய நிறுவனங்கள் 1907இல் ஒன்றுசேர்ந்து அந்தப் பெயரை வைத்துக்கொண்டன. ஆகவே இந்தப் பொத்தான்கள் 1907க்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. முகப்பெழுத்தை வைத்துப் பார்த்தால் 1951க்குப் பின் செய்திருக்கவும் காரணமில்லை. முகப்பு யாருக்காக என்று சொல்கிறது, முதுகு யார் செய்தார் என்று சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் காலம் பிடிபடும்.

அத்தை, 10:05
அப்படியானால் இவை அப்பாவுடையவையா, இரயில் கார்டாக இருந்த நம் தாத்தாவுடையவையா? இருவரும் அந்த 44 ஆண்டுகளுக்குள்தானே வேலை பார்த்தார்கள்?

பெரியப்பா, 10:18
அதைப் பொத்தான் மட்டும் சொல்லாது. பின்புறக் கொண்டியில் சாவி வளையம் போன்ற சிறு பிளவு வளையம் மாட்டியிருக்கிறதா என்று பார். வெள்ளைச் சீருடையைச் சலவைக்குப் போடும்போதெல்லாம் பொத்தான்களைக் கழற்றி, வெளுத்து வந்த சட்டையில் மறுபடி மாட்டுவதற்காக அந்த வளையம் இருக்கும். சட்டை கிழிந்தாலும் பொத்தான் அடுத்த சட்டைக்குப் போகும். தாத்தாவின் பொத்தானை அப்பா போட்டிருக்கவும் கூடும்.

அத்தை, 10:31
மூன்றில் வளையம் இருக்கிறது, அண்ணா. மற்ற இரண்டின் கொண்டியில் தைத்த கறுப்பு நூல் இன்னும் ஒட்டியிருக்கிறது.

பெரியப்பா, 10:33
அந்த நூலைப் பிரிக்காதே. அப்பா கறுப்புக் கோட்டுடன் நிற்கும் படம் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன், அருகில் வைத்துப் பார்ப்போம்.