கோல குபு பாரு – பிரேசர் மலை: ஆற்றோரமாக இரண்டு நாள் சைக்கிள் பயணம், சாதாரண ஆட்களால் முடியுமா?

செந்தூல்வாசி:

வணக்கம். தீபாவளிக்கு முந்தின வாரக் கடைசியில் நானும் தங்கச்சியும் கோல குபு பாருவிலிருந்து 55ஆம் எண் ரோட்டைப் பிடித்து, சிலாங்கூர் ஆற்றை ஒட்டியே ஏறி, பிரேசர் மலையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் இறங்கலாம் என்று யோசிக்கிறோம். (முறுக்கு சுட ஆள் வேண்டும் என்று அம்மா முறைக்கிறார், அதை அப்புறம் சமாளித்துக்கொள்கிறோம்.) என்னிடம் கிராவல் சைக்கிள், அவளிடம் சாதாரண ஹைப்ரிட். உலு லங்காட் பக்கம் ஓட்டிப் பழக்கம் உண்டு, ஆனால் பின்னால் பை கட்டிக்கொண்டு மலை ஏறியதில்லை.

எங்களுக்கு நேரக் கணக்கு, ரேஸ் எதுவும் வேண்டாம். ஆறு, பள்ளத்தாக்கு, காடு, இதற்காகத்தான் போகிறோம். யூடியூபில் தேடினால் எல்லாம் மோட்டார் சைக்கிள்காரர்கள் எடுத்த வீடியோ, வளைவில் சாய்வதைத்தான் காட்டுகிறார்கள், ஆற்றைக் காட்டவே மாட்டேன் என்கிறார்கள். ஆறு எந்த இடத்தில் நன்றாகத் தெரியும்? கொம்யூட்டர் ரயிலில் சைக்கிளை ஏற்றலாமா? திரும்பும்போது அதே வழியா, இல்லை அந்தப் பக்கம் ரவூப்புக்கு இறங்கிவிடலாமா?

ரவாங் மிதிகட்டை:

முடியும் தம்பி, தாராளமா முடியும். டவுனிலிருந்து மேலே வரைக்கும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர், பிரேசர் மலை 1,200 மீட்டருக்கு மேல். எண்ணைப் பார்த்து பயப்படாதீர்கள், ஏற்றம் நீளமே தவிர செங்குத்து இல்லை, உலு லங்காட் ஓட்டியவர்களுக்குக் கால் தாங்கும். ஆனால் பையோடு ஏறுவதால் கியர்தான் முக்கியம். பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கில் (கேசட்) பெரிய பல்சக்கரம் 32, 34 பல்லாவது இருக்கட்டும்.

ரோடு மூன்று துண்டு. முதலில் டவுனை விட்டதும் கொஞ்ச தூரம் ஆறு பக்கத்திலேயே வரும், அப்புறம் திடீரென்று அணைக்கட்டு உயரத்துக்கு ஒரு ஏற்றம். உடம்பு சூடாவதற்குள் வருவதால் இதுதான் பலபேரைக் கவிழ்க்கும், சின்ன கியரில் பேசிக்கொண்டே ஏறுங்கள். மேலே போனால் வலது பக்கம் முழுக்க ஏரி. பழைய பள்ளத்தாக்கின் அடிப்பகுதி இந்தத் தண்ணீருக்குக் கீழேதான் கிடக்கிறது, அதனால் "ஆற்றோர ரோடு" என்று படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். அவசரப்படாதீர்கள். ஏரியின் வால் முடிந்து பெர்த்தாக் கம்பம் தாண்டியதும்தான் நிஜ ஆறு. யானைக்குட்டி அளவு பாறைகள், நடுவில் பச்சையாகத் தண்ணீர், பாலத்தில் நின்றால் கீழே மணல் தெரியும். சிலிங் அருவிக்குப் பிரியும் இடம் வரைக்கும் இப்படித்தான். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் சாரமே இந்தச் சில கிலோமீட்டர்தான், மேலே இருக்கும் மணிக்கூண்டு இல்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் மேலே போய் மணிக்கூண்டோடு போட்டோ எடுக்கிற அவசரத்தில் இதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். நீங்கள் காலை ஏழுக்கே டவுனை விட்டால் இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

மூன்றாவது துண்டு, பிரேசர் மலைக்கும் ரவூப்புக்கும் ரோடு பிரிகிற கேப் என்ற இடம் வரைக்கும் வளைந்து வளைந்து போகும் காட்டு ரோடு. ஆறு கீழே போய்விடும், சத்தம் மட்டும் வரும். இருபக்கமும் மூங்கில், மேலே மரங்கள் கூடிக்கொள்வதால் நடுப்பகலில்கூட வெயில் உறைக்காது. காலையில் சியாமாங் குரங்குகள் ஊளையிடுவது ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் கேட்கும், முதல் தடவை கேட்கிறவர்கள் ஏதோ சைரன் என்று நினைத்துக்கொள்வார்கள். கேப்பிலிருந்து மேலே கடைசி 8 கிலோமீட்டர்தான் கொஞ்சம் உறைக்கும்.

கடை? கோல குபு பாருவை விட்டால் பிரேசர் மலைதான். நடுவில் ஒன்றும் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும், காலையில் டவுனிலேயே வயிறார சாப்பிட்டுவிட்டு நாசி லெமாக் பொட்டலம் இரண்டு கட்டிக்கொள்ளுங்கள். பொட்டலத்தை வெளியே தொங்கவிடாதீர்கள், அணைப் பக்கம் குரங்குகள் கைவரிசை காட்டும். போன் லைனும் பெரும்பாலும் இருக்காது.

மலைக்காற்று:

மேலே அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஒன்றில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடுப்பகலில் வெயில் உறைக்காது என்பது உண்மை, ஆனால் மழை? அக்டோபர், நவம்பரில் தித்திவாங்சா மலையின் இந்தப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் கொட்டும். ஒரு மணி நேரம் ஆற்றோரம் உட்கார்ந்தால் கேப் ஏற்றத்தில் மழை உங்களைப் பிடித்துவிடும். அதனால் ஆறரைக்கே கிளம்புங்கள், வெளிச்சம் வருவதற்குள் முதல் சில கிலோமீட்டர் முடிந்துவிடும். மழை பெய்த ரோட்டில் மூங்கில் இலை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும், நிழல் வளைவுகளில் பாசி வேறு. ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் முன் டயர் ஜிவ்வென்று நழுவும்.

ரவூப் யோசனை நல்லதுதான். கேப்பிலிருந்து தெரானும் என்ற ஊர் வரை காட்டு ரோட்டில் இறக்கம், அப்புறம் திராஸ், பழத்தோட்டங்கள், டுரியான் தோட்டங்கள், அந்தப் பக்கத்துக் கிராமப்புறம் நம்ம பக்கம் மாதிரி இல்லை, ரொம்ப அமைதி. ரவூப் டவுனில் 1889இல் ஆரம்பித்த தங்கச் சுரங்கத்தால் வளர்ந்த பழைய கடைவரிசையும் பார்க்கலாம். ஆனால் ரவூப்பில் ரயில் கிடையாது. அங்கிருந்து கோலாலம்பூர் நூறு கிலோமீட்டருக்கும் மேல், நடுவில் மறுபடியும் மலை. யாராவது காடியில் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள் என்றால் சரி. இல்லையென்றால் வந்த வழியே இறங்குங்கள். முதல் நாள் ஏறினபோது முதுகுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தாக்கு, இறங்கும்போது முகத்துக்கு நேரே விரியும்.

தங்கச்சியிடம் சொல்லுங்கள்: அட்டைப்பூச்சி இருக்கும். ரோட்டில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை, புல்லில் இறங்கினால் காலுறையைப் பார்த்துக்கொள்ளணும்.

குபுக்காரன்:

எங்கள் ஊரைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் இரண்டு வார்த்தை. ஆற்றில் இறங்குவதாக இருந்தால் ஒன்றை மனதில் வையுங்கள், உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும் மேலே மலையில் மழை பெய்திருந்தால் தண்ணீர் ஒரே மூச்சில் ஏறிவிடும். தெளிந்த தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தாலோ அப்படியே கரையேறுங்கள், செருப்பை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். சிலிங்கை அடிக்கடி மூடிவைப்பார்கள், மூடியிருந்தால் சந்து வழியாக நுழையப் பார்க்க வேண்டாம். அருவிக்குப் போக ஆற்றைப் பல இடத்தில் கடக்கணும், சைக்கிள் ஷூவோடு அது வேலைக்கு ஆகாது.

இந்த ஆற்றின் கோபம் எங்களுக்குப் புதுசு இல்லை. 1883 அக்டோபரில் பழைய அணை உடைந்து வந்த வெள்ளத்தில் பழைய குபுவில் ஏகப்பட்ட பேர் போனார்கள், வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் ரேங்கிங்கும் அதில் ஒருவர். அப்புறமும் வெள்ளம் விடாததால்தான் டவுனையே மேட்டுக்கு மாற்றினார்கள், சார்லஸ் ரீட் என்ற நகரத் திட்டக்காரர் போட்ட வரைபடம், அதனால்தான் இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு புல்வெளி. இப்போதைய அணைக்காக கெராச்சி, பெர்த்தாக் பூர்வகுடிக் கம்பங்களையும் இடம் மாற்றினார்கள். நீங்கள் ஏரியைப் பார்த்து போட்டோ எடுக்கும்போது இதுவும் தெரிந்திருக்கட்டும். கேப்பை நெருங்கும்போது வரும் வளைவுகளில்தான் 1951 அக்டோபர் 6இல் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டுக் கொன்றார்கள். ரோட்டின் அமைப்பைப் பார்த்தாலே ஏன் அந்த இடம் என்று புரியும், ஒரு பக்கம் சுவர் மாதிரி மலை, மறுபக்கம் பள்ளம்.

ஞாயிறு காலையில் மோட்டார் சைக்கிள் கூட்டம் அதிகம். வளைவில் ரோட்டுக்கு நடுவே வருவார்கள். நீங்கள் ஞாயிறு இறங்குவதாக இருந்தால் இடது ஓரத்தை விடாதீர்கள், பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பேசிக்கொண்டு வராதீர்கள்.

செந்தூல்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரவூப்பை விட்டுவிட்டோம், அதே வழியில் இறங்குகிறோம். பெர்த்தாக்கில் அரை மணி நேரம் மட்டும், மலைக்காற்று அக்கா மழை பற்றிச் சொன்னதற்காக. ரயில் பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம் கேப்புக்கு மேலே ஒருவழியா இருவழியா?

ரவாங் மிதிகட்டை:

செந்தூலிலிருந்து ஏறினால் புத்ரா ஸ்டேஷனில் இறங்கி தஞ்சோங் மாலிம் போகும் ரயிலுக்கு மாறணும். மடக்கு சைக்கிள் என்றால் பேச்சே இல்லை. முழு சைக்கிளுக்கு நாள், நேரம், பெட்டி எல்லாவற்றுக்கும் விதி உண்டு, அது மாறிக்கொண்டும் இருக்கும், அதனால் முந்தின வாரமே கவுண்டரில் கேட்டுவிடுங்கள். அதோடு அக்கா சொன்ன ஆறரைக்கு ரயிலை நம்பினால் நடக்காது. வெள்ளி ராத்திரியே போய் டவுனில் தங்குங்கள். ஸ்டேஷன் டவுனை ஒட்டி இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி, இருட்டில் ஓட்ட முன்விளக்கு வேண்டும்.

கேப்புக்கு மேலே ஏற ஒரு ரோடு, இறங்க ஒரு ரோடு. மண்சரிவு வந்து ஒன்றை மூடினால் மற்றதிலேயே நேரம் பிரித்து மாற்றி மாற்றி விடுவார்கள். அப்படி இருந்தால் கேட் திறந்ததும் காடிகளையெல்லாம் முதலில் விட்டுவிட்டு கடைசியாக ஏறுங்கள், பின்னால் ஹாரன் அடிக்க ஆள் இருக்காது. ஆனால் உங்கள் நேரம் முடிவதற்குள் 8 கிலோமீட்டரை ஏறிவிட முடியுமா என்று கேட்டில் நிற்பவரிடம் முதலில் பேசிக்கொள்ளுங்கள். ஹைப்ரிட்டில் ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிப்பது) என்றால் பிரேக் கட்டையைக் கிளம்பும் முன்னாலேயே மாற்றிவிடுங்கள், பையோடு 40 கிலோமீட்டர் இறக்கம், அதுவும் ஈரத்தில், பழைய கட்டை தாங்காது.