சிறுவர் கால்பந்தில் அத்துமீறும் பயிற்சியாளரை நடுவர் எவ்வாறு கையாள்வது?

அனைவருக்கும் வணக்கம். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பள்ளிக் கால்பந்துப் போட்டிகளுக்கு நடுவராகச் செல்கிறேன். சென்ற வாரம், ஆஃப்சைடு என்று நான் விசில் ஊதியதற்காக ஒரு பயிற்சியாளர் எல்லைக்கோட்டைத் தாண்டி வந்து, மாணவர்களின் முன்னிலையிலேயே என்னை ஒருமையில் திட்டியதோடு, கோலைத் தவறவிட்ட சிறுவனையும் அழும்வரை ஏசினார். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் கண்முன் நிற்கிறது.

2019 முதல் பயிற்சியாளர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் காட்ட விதி இடமளிக்கிறது; நானும் மஞ்சள் அட்டை காட்டினேன். ஆனால், சிவப்பு அட்டை காட்டி அவரை வெளியேற்றினால், பொறுப்பேற்கப் பெரியவர் வேறு எவரும் இல்லாத அணியின் சிறுவர்களை யாரிடம் ஒப்படைப்பது, ஆட்டத்தைத் தொடர்வதா, கைவிடுவதா? அனுபவமுள்ள நடுவர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் தாங்கள் கடைப்பிடித்த வழியையும், அறிக்கையில் தவறாமல் எழுத வேண்டியவற்றையும் தெரிவித்து உதவுமாறு வேண்டுகிறேன்.