பிரின்ஸ்டன் முகவரி என்றால் பிரின்ஸ்டன் பள்ளிதானா?

கொன்றை:
வணக்கம். ஜூலையில் சென்னையிலிருந்து நியூ ஜெர்சி வருகிறோம். மகளை ஒன்றாம் வகுப்பிலும் மகனை ஒன்பதாம் வகுப்பிலும் சேர்க்க வேண்டும். பார்த்து வைத்திருக்கும் வாடகை வீட்டின் முகவரி ‘பிரின்ஸ்டன், 08540’. பிரின்ஸ்டன் அரசுப் பள்ளிகள்தானே கிடைக்கும்? பஸ் வருமா? இங்கிருந்து என்னென்ன எடுத்து வர வேண்டும்?

தாமிரபரணி:
08540 என்பது தபால் எண் மட்டும்தான். வெஸ்ட் விண்ட்சர், பிளெயின்ஸ்பரோ, சவுத் பிரன்ஸ்விக், லாரன்ஸ் டவுன்ஷிப்புகளில் (தனி நிர்வாகம் உள்ள ஊர்கள்) உள்ள பல வீடுகளுக்கும் ‘பிரின்ஸ்டன்’ என்றே கடிதம் வரும். வீட்டின் சொத்து வரி எந்த ஊருக்குப் போகிறதோ, அந்த ஊரின் பள்ளி மாவட்டம்தான் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) உங்களுக்கு. வீட்டுக்காரரிடம் வரி ரசீதைக் கேளுங்கள், ஊர்ப் பெயர் அதில் இருக்கும்.

வெஸ்ட் விண்ட்சரும் பிளெயின்ஸ்பரோவும் சேர்ந்து ஒரே பள்ளி மாவட்டம். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையம் இருப்பதும் வெஸ்ட் விண்ட்சரில்தான், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பக்கத்து கிரான்பரி இன்னொரு வகை: எட்டாம் வகுப்பு வரை சொந்தப் பள்ளி, ஒன்பதிலிருந்து பிரின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி. அங்கே வீடு எடுத்தால் உங்கள் பிள்ளைகள் இருவரும் இரண்டு மாவட்டங்களில் படிப்பார்கள்.

மாவட்டம் தெரிந்த பிறகும், மகளுக்கு எந்தத் தொடக்கப் பள்ளி என்பதைத் தெருவை வைத்தே முடிவு செய்வார்கள். குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மாவட்டத்தின் சேர்க்கை அலுவலகத்தில் கதவு எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். வீடு தேடும் இணையதளங்களை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். எல்லையை மாற்றிய பிறகும் அங்கே பழைய பள்ளிப் பெயரே கிடக்கும்.

வைகைக்கரை:
பஸ்ஸுக்கு மாநிலச் சட்டம் தூரக் கணக்கு வைத்திருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேல், 9 முதல் 12 வரை 2.5 மைலுக்கு மேல் இருந்தால் இலவசம். வீட்டு வாசலிலிருந்து பள்ளியின் அருகிலுள்ள வாசல் வரை, நடக்கக்கூடிய மிகக் குறுகிய பொதுவழியில் அளப்பார்கள். அதற்குள் இருந்தால் பஸ் விடுவது மாவட்டத்தின் விருப்பம், கட்டணமும் கேட்கலாம்.

மருதம்:
சேர்க்கை தள்ளிப்போவது பெரும்பாலும் தடுப்பூசி அட்டையால்தான். நம் ஊரில் 9 மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசியை இங்கே கணக்கில் எடுக்க மாட்டார்கள். முதல் பிறந்தநாளிலோ அதற்குப் பின்போ போட்ட இரண்டு தவணை வேண்டும். அரசு மருத்துவமனையில் போடும் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியில் பொன்னுக்கு வீங்கி மருந்து கிடையாது, மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர்தான் தேவை. சின்னம்மை ஊசியும் நம் அரசு அட்டவணையில் இல்லை, இங்கே கட்டாயம். ஹெபடைட்டிஸ் பி மூன்று தவணை இருக்கிறதா என்றும் பாருங்கள். மகனுக்கு டிடாப் (ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்கும் சேர்த்து), மெனிஞ்சோகாக்கல் (ஒரு வகை மூளைக்காய்ச்சலுக்கு) ஊசிகள் வேண்டும். நம் ஊர் டிடி ஊசியில் கக்குவான் மருந்து இல்லாததால் அது டிடாப்புக்கு ஈடாகாது.

விட்டுப்போன தவணைகளைச் சென்னையிலேயே போட்டுக்கொண்டு, மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். 05/08 என்றால் இங்கே மே 8 என்று படிப்பார்கள், தவணைக் கணக்கே தப்பாகிவிடும்.

பிறப்புச் சான்றிதழ், குத்தகைப் பத்திரம், மின்சார பில் போன்ற வசிப்பிடச் சான்றுகள் எல்லா மாவட்டத்திலும் கேட்பார்கள். மகனின் 6 முதல் 8 வரையிலான மதிப்பெண் பட்டியல்களை மறக்காதீர்கள். ஒன்பதில் கணக்குப் பாடம் அல்ஜீப்ராவா ஜியாமெட்ரியா என்பதை முடிவு செய்யும்போது கையில் இருக்க வேண்டும்.