சாராயம் காய்ச்ச அனுமதி உள்ள ஊர்ல இருந்திருக்கீங்களா? கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க

பாலாற்றங்கரை:
எங்க குலசாமி முனீஸ்வரன். ஆடியில கிடா வெட்டி, சுருட்டு, சாராயம் வச்சுப் படையல். போன வருசம் பூசாரி குவார்ட்டர் பாட்டில் மூடியைத் திருகி இலையில நாலு சொட்டுத் தெளிச்சதும் எங்க பெரியப்பா என் காதுல, "முனி பிராந்திக்கு மாறி முப்பது வருசம் ஆச்சுடா"ன்னார். அதுக்கு முன்னாடி படைச்சது எங்க தாத்தா காய்ச்சினதாம். வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறல்.

1937ல ராஜாஜி சேலத்துல மதுவிலக்கு ஆரம்பிச்சார், 1971ல கலைஞர் எடுத்தார், 1974ல அவரே திரும்பக் கொண்டுவந்தார், 1981ல எம்ஜிஆர் கடை திறந்தார், 1987ல கள்ளும் போச்சு. இத்தனை தடவை கதவைத் திறந்து மூடினாலும் வீட்டுல காய்ச்சுறவனுக்கு மட்டும் ஒரு தடவையும் திறக்கல.

அனுமதிக்கணுமா கூடாதான்னு பட்டிமன்றம் வேண்டாம், அதை டிவியில பார்த்துக்கலாம். அனுமதி இருக்கிற ஊர்ல என்ன நடக்குதுன்னு பார்த்தவங்க இருந்தா எழுதுங்க.

வால்பொய் வாசி:
வங்கி வேலையாக கோவா போய் நான்கு வருடம் சத்தரி தாலுகாவில் இருந்தேன். கடற்கரை கோவா இல்லை, மலையடிவாரம், முந்திரிக் காடு. பிப்ரவரி கடைசியிலிருந்தே ஊர் முழுக்க ஒரு வாடை எழும். பழுத்த முந்திரிப்பழமும் புளித்த சாறும் விறகுப் புகையும் கலந்த வாடை. முதல் வருடம் குமட்டியது. மூன்றாவது வருடம் அது வராவிட்டால் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது.

எங்கள் கடன்தாரர் ஒருவரின் தோப்புக்குப் போயிருந்தேன். மரத்திலிருந்து பறிக்க மாட்டார்கள், தானாக விழுந்த பழம்தான். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தைப் பாறையில் குடைந்த தொட்டியில் போட்டு இரண்டு பேர் காலால் மிதிக்கிறார்கள். மிஞ்சின சக்கையைக் கொடியால் சுற்றிக் கட்டி, மேலே கல்லைத் தூக்கி வைத்தால் சொட்டுச் சொட்டாக வடிகிற சாறு நீரோ. அதைப் புளிக்க விடாமல் அன்றைக்கே குடித்துவிட வேண்டும். எனக்கு அதுதான் பிடித்தது.

மிதித்த சாறு மூன்று நாள் புளித்ததும் 'பான்' என்கிற செப்புப் பானைக்குப் போகும். ஆவி ஒரு குழாய் வழியாக இன்னொரு பானைக்கு இறங்கும். அந்தப் பானை தண்ணீரில் கிடக்கும், அதன் தலையில் ஒரு அம்மாள் சிரட்டை அகப்பையால் விடாமல் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் இருந்த ஒரு மணி நேரமும் நிறுத்தவில்லை. இப்படி முதலில் வருவது உர்ராக், லேசானது. லிம்கா, உப்பு, கீறின பச்சை மிளகாய் போட்டுக் குடிப்பார்கள். நாள் பட்டால் கெட்டுவிடும், மழை வந்தால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். அதையே திரும்பக் காய்ச்சினால் ஃபெனி, நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏறும்.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் இஷ்டத்துக்குக் காய்ச்ச முடியாது. காய்ச்சும் உரிமையைப் பகுதி பிரித்து வருடா வருடம் ஏலம் விடுகிறார்கள், கலால் துறைக்குக் கணக்கு உண்டு. 2009இல் ஃபெனிக்குப் புவிசார் குறியீடு, 2016இல் மாநிலத்தின் பாரம்பரிய பானம் என்று அறிவிப்பு. ஆனாலும் நாட்டுச் சாராயம் என்ற பட்டியலிலேயே கிடந்ததால் நெடுங்காலம் மாநில எல்லையைத் தாண்டி விற்க வழியில்லை. நான் பார்த்தவரை பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: காய்ச்சுகிறவர் வீடு எது என்று குடிக்கிறவனுக்குத் தெரியும். அளவுமானி போட்டு "இத்தனை கிராவ்" (சரக்கின் வீரிய அளவு) என்று காட்டித்தான் விற்றார் அவர். ஏமாற்றினால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முகத்துக்கு நேரே கேட்பார்கள்.

கருப்பட்டி:
நீரோ, நம்ம பதநீர் மாதிரின்னு வச்சுக்கலாமா? நமக்குப் பதநீருக்கு மட்டும் அனுமதி, பானையில சுண்ணாம்பு தடவ மறந்தா கேஸு.

இரவுப்பணி:
நான் செவிலியர். 2023 மே மாதம், மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் கள்ளச்சாராயம் குடித்து ஆட்கள் விழுந்தார்களே, அந்த வாரம் பணியில் இருந்தேன். எந்த மருத்துவமனை என்று சொல்லவில்லை.

வந்தவர்களில் ஒருவர் "லைட்டைப் போடும்மா" என்றார். காலை பதினோரு மணி, ஜன்னல் திறந்திருந்தது. சிலர் பனிமூட்டத்துக்குள் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்பார்கள். மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். பத்து மில்லி போனாலே கண் போகலாம். அதற்கு மாற்று மருந்தாகக் கொடுப்பதில் ஒன்று எத்தனால், அதாவது நல்ல சாராயம். மூக்குக் குழாய் வழியாக அதை அளந்து ஊற்றும்போது பக்கத்தில் நின்ற மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

இந்த இழைக்காக இரண்டு விஷயம். வெல்லமும் பட்டையும் போட்டுப் புளித்த ஊறலில் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் உண்டாகாது. பழ ஊறலில் கொஞ்சம் கூடும், அப்போதும் அந்த அளவுக்குப் போகாது. அன்றைக்கு வந்தது ஆலைக்கான மெத்தனால், யாரும் காய்ச்சியதே இல்லை. அடுத்த வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபது பேருக்கு மேல் போனதும் மெத்தனாலால்தான். இன்னொன்று, காய்ச்சும்போது முதலில் வரும் சொட்டைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும் என்பதை நம்பாதீர்கள். அது 65 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78 என்பது சரிதான், ஆனால் தண்ணீரோடு கலந்து கிடக்கும்போது கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டேதான் இருக்கும்.

நாமக்கல் லாரி:
சத்தீஸ்கர் பஸ்தர் லைன்ல பன்னெண்டு வருசம் ஓட்டியிருக்கேன். ஜக்தல்பூர் தாண்டிச் சந்தை கூடுற நாளா இருந்தா வண்டி நகராது, எறங்கிச் சுத்திட்டு வருவேன். பொம்பளைங்கதான் வரிசையா உக்காந்து மகுவா விப்பாங்க, தைச்ச இலைத் தொன்னையில. குடிக்கிறவங்க மொத ரெண்டு சொட்டைத் தரையில விட்டுட்டுத்தான் வாயில வைப்பாங்க, முன்னோருக்காம். (நான் ஓட்டறப்ப குடிக்கிறதில்ல. திரும்பி வர்றப்ப லோடு எறக்கிட்டு ஒரு தரம் குடிச்சேன். பூ வாசனை, அடியில புகை.)

மகுவான்னா ஏதோன்னு நெனச்சேன். மார்ச் மாசம் விடிகாலையில வண்டி நிறுத்தியிருந்தப்ப பார்த்தா மரத்தடியில பிள்ளைங்க கூடையோட பூப் பொறுக்குது. கிட்டப் போனா, அட, நம்ம இலுப்பை! "ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை"ன்னு நாம பழமொழியோட நிறுத்திட்டோம், அவங்க அந்தச் சர்க்கரையைக் காய்ச்சிட்டாங்க. காய வச்ச பூவை மூட்டையா வீட்டுல வச்சிருக்காங்க. கல்யாணம், சாவு, திருவிழா எதுக்கும் அது வேணும். ஆதிவாசி மக்கள் சொந்தத் தேவைக்கு அளவோட காய்ச்சினா கேஸ் இல்லைன்னு சட்டத்துலயே இருக்குன்னு அங்க ஒரு தாபாக்காரர் சொன்னார்.

வால்பொய் வாசி:
தாபாக்காரர் சொன்னது சரி. மத்தியப் பிரதேசத்திலும் அப்படித்தான். 2021 நவம்பரில் அங்கே மகுவாவைப் பாரம்பரிய மது என்று விற்கப்போவதாக முதல்வர் அறிவித்தார், பிறகு அலிராஜ்பூர், திண்டோரி ஆதிவாசி சுய உதவிக் குழுக்கள் பாட்டிலில் அடைக்க ஆரம்பித்தன. வெள்ளைக்காரன் காலத்தில், 1892இல், பம்பாய் மாகாணத்தில் சாராயத்தை விடுங்கள், அந்தப் பூவைக் கட்டுப்படுத்தவே தனிச் சட்டம் போட்டார்கள். பூவுக்கு!

மூணாவது மக:
எல்லாரும் வாசனையா எழுதுறீங்க. நானும் ஒரு வாசனை சொல்றேன். விழுப்புரம் பக்கம் எங்க ஊரு. எங்க வீட்டுல காய்ச்சினது எங்கம்மா. குடிச்சது அப்பா. மாட்டினது அம்மா.

பெரிய பானையில ஊறல், அது மேல ஓட்டை போட்ட பானை, உச்சியில பச்சைத்தண்ணி ஊத்தின சட்டி. தண்ணி சூடாச்சுன்னா மாத்தணும், அது என் வேலை. எட்டாவது படிச்சுட்டிருந்தேன். ஒரு சட்டி மாத்துறதுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு கணக்கு போட்டுடுவேன். மதுவிலக்கு போலீஸ் வந்து கடப்பாரையால குத்தி ஊறலை வாய்க்கால்ல கொட்டிட்டு அம்மாவை ஜீப்புல ஏத்துனாங்க. பதினைஞ்சு நாள் உள்ள. திரும்பி வந்த மறுநாள் புதுப்பானை வாங்கக் காசு குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? எங்ககிட்ட வாங்கி வித்த ஆளுதான். அவனை யாரும் தொட்டதில்ல.

அனுமதி குடுத்தா அம்மா ஜெயிலுக்குப் போயிருக்க மாட்டாங்க, வாஸ்தவம். ஆனா வீட்டுல காய்ச்சாம இருந்திருந்தா அப்பா கடை வரைக்கும் நடந்தாவது போகவேண்டியிருந்திருக்கும். வீட்டுலயே இருந்ததால எழுந்ததும் குடிச்சார். நாப்பத்தாறு வயசுல போயிட்டார். கோவாவுல தண்ணி மொண்டு ஊத்திட்டிருந்த அந்தம்மாவுக்கு எவ்வளவு கெடைச்சுதுன்னு கேட்டீங்களா சார்?

வால்பொய் வாசி:
கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

டெப்ரெசென்:
ஹங்கேரியில வேலை பார்க்கிறேன். இங்கே பாலிங்கா, பழச் சாராயம். பிளம்ஸ், ஆப்ரிகாட், பேரிக்காய் எதிலும் காய்ச்சுவாங்க. முன்னாடியெல்லாம் வீட்டுல பழத்தைப் புளிக்க வச்சு ஊர்ப் பொது வடிசாலைக்கு எடுத்துட்டுப் போகணும், நம்ம ஊர்ல மாவு மில்லுக்குப் போற மாதிரி. அவங்க காய்ச்சிக் கூலியும் வரியும் வாங்கிட்டுத் தருவாங்க. 2010ல அரசாங்கம் வீட்டுலயே வருசத்துக்கு 50 லிட்டர் வரை வரியில்லாமக் காய்ச்சலாம்னு சட்டம் போட்டுது. தேர்தல் வாக்குறுதின்னு சொல்லிச் சிரிப்பார் எங்க வீட்டு ஓனர். 2014ல ஐரோப்பிய நீதிமன்றம், வரியே இல்லாம விடக்கூடாதுன்னு தீர்ப்பு குடுத்தது, கொஞ்ச காலம் வரி வந்தது, அப்புறம் ஐரோப்பிய விதியையே தளர்த்தினதும் 2021லேருந்து திரும்ப வரி இல்ல.

ஓனருக்கு எழுபது வயசு. கார் ஷெட்டுல செப்பு அண்டா. முதல்ல வர்றதை ஒரு ஜாடியில தனியாப் பிடிச்சார். உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டுத் தேய்ச்சு என் மூக்குகிட்ட நீட்டினார், அப்படியே பெவிக்கால் நெடி. அதைக் குடிக்க மாட்டார், ஜன்னல் கண்ணாடி துடைக்க வச்சுக்குவார். செவிலியர் அக்கா சொன்னது சரி, அது மெத்தனாலுக்காக இல்ல, தலைவலி தர்ற மத்த சரக்கைக் கழிக்கிறதுக்கு. நடுவுல வர்றதுதான் விருந்தாளிக்கு. விக்கக் கூடாது, அதுதான் சட்டம். அவரும் விக்க மாட்டார், ஆனா பிளம்பருக்கு எப்பவும் ஒரு பாட்டில் போகும், எங்க வீட்டுக் குழாய் மட்டும் அன்னிக்கே சரியாகும்!

வடமராட்சியான்:
எங்கட யாழ்ப்பாணப் பக்கம் கதை வேற. பனங்கள்ளு சீவிறது, பனையோலைப் பிளாவில வாத்துக் குடிக்கிறது எல்லாம் சட்டப்படி. திக்கத்தில பனஞ்சாராய வடிசாலையும் இருந்தது. ஆனா வீட்டில வடிச்சா அது கசிப்பு, பிடிச்சா வழக்கு. கள்ளு இருக்கேக்க ஏன் கசிப்பு எண்டு கேப்பியள். கள்ளு பருவத்துக்குத்தான், பின்னேரம் பட்டாப் புளிச்சுப் போடும். கசிப்புக்குச் சீனியும் ஈஸ்ட்டும் போதும், பருவமும் இல்லை, மரமேறிற ஆளும் தேவையில்லை. எங்கட அப்பு கசிப்பைக் கையாலயும் தொடார். "மரமில்லாத சரக்கு" எண்டுவார்.

பழைய வாத்தியார்:
திருவண்ணாமலை மாவட்டத்து மலையடிவாரப் பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தேன். லாரி டியூப் இரண்டில் சரக்கை நிரப்பி, மாலை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு விடியுமுன் இறங்குவார்கள். தீக்குச்சி கிழித்து ஒரு கரண்டியில் எரித்துக் காட்டி வியாபாரம் செய்வார்கள், நீலமாக எரிந்தால் நயம் சரக்கு என்று பேர். இப்போது நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது, மெத்தனாலும் எரியத்தானே எரியும்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்று சொல்ல ஆசை. எட்டாம் வகுப்பில் சட்டி மாற்றிக்கொண்டே கணக்குப் போட்ட பிள்ளைகள் என் வகுப்பிலும் உண்டு. வீட்டுப்பாட நோட்டில் புகை வாடை அடிக்கும். நான் எதுவும் கேட்டதில்லை.

பாலாற்றங்கரை:
எல்லாத்தையும் பாட்டிக்குப் படிச்சுக் காட்டினேன். எண்பத்தி மூணு வயசு, காது கொஞ்சம் மந்தம், ரெண்டு தரம் படிக்க வேண்டியிருந்தது. கோவாக் கதைக்கு ஒண்ணும் சொல்லல. ஜன்னல் துடைக்கிற ஓனர் கதைக்குச் சிரிச்சாங்க. தாத்தாவும் முதல் ஆழாக்கை அடுப்புல ஊத்திடுவாராம், குப்புன்னு எரியுமாம், "முனிக்கு அது"ன்னு சொல்வாராம்.

விழுப்புரம் அக்கா எழுதினதைப் படிச்சதும் போனை வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "உச்சிச் சட்டித் தண்ணியை யாரு மாத்துனாங்கன்னு உங்க பெரியப்பன் சொல்லலையா?"ன்னு கேட்டாங்க.