விந்தணுவின் ஆற்றலுக்கு மக்னீசியம்: சினை ஊசி போடும் பசுவுக்கு எப்சம் உப்பு கொடுக்கலாமா?

கோத்தகிரி பால் விவசாயி

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் உள்ள ஜெர்சி கலப்பினப் பசு ஒன்றுக்குச் சில முறை சினை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. தேயிலைக்கு மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட் இடுவது போலப் பசுவுக்கும் மக்னீசியம் கொடுத்தால் உள்ளே செல்லும் விந்தணுவுக்குத் தெம்பு கூடும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லி, தீவனத்தில் எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்) கலக்கச் சொல்கிறார். முட்டையை அடையும் முன் விந்தணுவுக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது, அதில் மக்னீசியத்தின் பங்கு என்ன என்பதை அறிந்தவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

குன்னூர் உயிர்வேதியியல் ஆசிரியை

ஐயா, மக்னீசியம் எரிபொருள் அல்ல. ஆனால் அது இல்லாமல் எரிபொருளைச் செலவழிக்கவே இயலாது. விந்தணுவின் வாலை அசைக்கும் டைனீன் என்ற புரதம், உயிரணுக்களில் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறைப் பிளந்து இயங்குகிறது. உயிரணுவுக்குள் ஏடிபியின் பெரும்பகுதி மக்னீசியத்தோடு சேர்ந்தே இருக்கிறது. டைனீனும், சர்க்கரையைச் சிதைக்கும் பாதையில் உள்ள ஹெக்சோகைனேஸ் போன்ற நொதிகளும் அந்தச் சேர்க்கையைத்தான் ஏற்கின்றன. விந்தணுவின் நடுப்பகுதியில் உள்ள மைட்டோகாண்டிரியா என்ற ஆற்றல் கூடங்களில் ஆக்சிஜனைக் கொண்டும், வாலின் நீண்ட பகுதியில் சர்க்கரையைச் சிதைத்தும் ஏடிபி உண்டாகிறது. எந்த வழி முதன்மை என்பது விலங்குக்கு விலங்கு மாறும்: சுண்டெலியின் விந்தணு சர்க்கரை வழியைப் பெரிதும் நம்பியிருக்க, காளையின் விந்தணு ஆக்சிஜன் வழியிலும் நன்றாக நீந்தும்.

இதற்கு அடுத்த கட்டமே எனக்கு மிகுந்த வியப்பளிப்பது. 1951-இல் சாங், ஆஸ்டின் ஆகிய இரு ஆய்வாளர்கள் தனித்தனியே காட்டியபடி, வெளிவந்த உடனே விந்தணுவால் முட்டையைக் கருவுறச் செய்ய முடியாது. பெண் இனப்பாதையில் சில மணி நேரம் தங்கித் தகுதி பெற வேண்டும். அங்குள்ள பைகார்பனேட்டும் உள்ளே நுழையும் கால்சியமும் அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்ட, அது மக்னீசியம் சேர்ந்த ஏடிபியிலிருந்து சைக்ளிக் ஏஎம்பி என்ற, உயிரணுவுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறை ஆக்குகிறது. அதன் விளைவாக வாலின் வீச்சு பெரிதாகி வலுக்கிறது. ஏடிபி பிளந்த பின் எஞ்சும் மூலக்கூறு மக்னீசியத்தைத் தளர்வாகவே பற்றுவதால், ஆற்றல் செலவாகும்போது உயிரணுவுக்குள் தனித்த மக்னீசியம் உயர்கிறது. எஞ்சியவற்றிலிருந்து ஏடிபியை மீட்கும் அடினைலேட் கைனேஸ் நொதியின் சமநிலையும் அந்தத் தனித்த மக்னீசியத்தைப் பொறுத்து நகர்கிறது. ஆகவே அளவு சரியாக இருப்பதே முக்கியம், கூடுவது அல்ல. மக்னீசியத்தை வெளியேற்றும் சிஎன்என்எம்4 என்ற புரதம் இல்லாத ஆண் சுண்டெலிகளின் கருவுறச்செய்யும் திறன் பெரிதும் குன்றியதே இதற்குச் சான்று.

உதகை கால்நடை மருத்துவர்

அம்மா சொன்னதோடு நடைமுறையையும் சேர்க்கிறேன். சினை ஊசிக்குப் பயன்படும் உறைவிந்துக் குச்சியில் (உறைந்த விந்து அடைத்த மெல்லிய குழாய்) உள்ள விந்தணு, காளையிடமிருந்து பெற்ற மக்னீசியத்தோடும், கலவையில் சேர்த்த ஃபிரக்டோஸ் சர்க்கரையோடும் வருகிறது. பசுவின் தீவனத்தில் சேர்க்கும் உப்பு அதற்கு வலுவூட்டாது. எப்சம் உப்பு மிகுந்தால் பசுவுக்குக் கழிச்சல்தான் வரும்.

திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகையில் உறைந்து மீளும் விந்தணுவின் சவ்வு தளர்ந்திருப்பதால், அது நேரத்துக்கு முன்பே தகுதி பெற்றது போன்ற நிலையை அடைந்து, ஆற்றலை விரைவில் செலவழித்து, புதிய விந்தணுவைவிடச் சீக்கிரம் ஓய்கிறது. காலையில் சினைப்பருவ அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடச் சொல்வது, அறிகுறி தெரிந்து பல மணி நேரம் கழித்தே வெளிவரும் முட்டையை விந்தணு ஓயுமுன் சந்திக்க வேண்டும் என்பதற்காகத்தான். குச்சியை 37 பாகை வெந்நீரில் அரை நிமிடம் உருக்கிய பின் நம் மலைக் குளிர்க்காற்றில் திறந்து வைத்திருந்தாலும் விந்தணு அதிர்ச்சியால் சேதமடையும்.

கோத்தகிரி பால் விவசாயி

மிக்க நன்றி. அப்படியானால் பசுவுக்கு மக்னீசியமே தேவையில்லையா?

உதகை கால்நடை மருத்துவர்

தேவைதான், ஆனால் பசுவின் உடல்நலத்துக்காக. மழைக்குப் பின் தழைக்கும் இளம்புல்லில், குறிப்பாகப் பொட்டாஷ் உரம் மிகுந்த நிலத்தில், மக்னீசியம் போதாமல் கறவைப் பசுக்களுக்கு வலிப்பு வருவதுண்டு. அதற்குத் தாது உப்புக் கலவையைப் பரிந்துரைத்த அளவில் கொடுங்கள். சினை பிடிக்காமைக்குக் கருப்பையில் தொற்று உள்ளதா என்று முதலில் பரிசோதியுங்கள். அடுத்த பருவத்தில் அறிகுறி தெரிந்த நேரத்தைக் குறித்து வைத்து, ஊசி போடுபவரிடம் சொல்லுங்கள்.