மால்டி-டாஃப்: கிராம் பாசிட்டிவ் மட்டும் 2.0 தாண்டவில்லை

கல்ச்சர்_மேசை:
கிருமியின் புரத எடைகளை வைத்து அதன் பெயரைச் சொல்லும் மால்டி-டாஃப் கருவியில், ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் எல்லாம் 2.2-க்கு மேல் ஸ்கோரோடு வருகின்றன (2.0 தாண்டினால்தான் இனம் வரை நம்பலாம்). அதே டார்கெட் பிளேட்டில் கிராம் பாசிட்டிவான என்டெரோகாக்கஸும் ஸ்டெஃபிலோகாக்கஸும் 1.75, 1.85 என்று நிற்கின்றன. ஈஸ்டான கேண்டிடாவுக்குப் பீக்கே இல்லை. கேலிப்ரேஷன் பாஸ். டூத்பிக்கால் காலனியைத் தடவி நேராக மேட்ரிக்ஸ் (லேசர் ஆற்றலை உறிஞ்சிப் புரதத்தை அயனியாக்க உதவும் கரைசல்) போடுகிறோம். மேட்ரிக்ஸ் கெட்டிருக்குமா?

அகார்_தட்டு:
மேட்ரிக்ஸ் கெட்டால் ஈ. கோலையும் சேர்ந்து விழும். உங்கள் சிக்கல் செல் சுவரில். கருவி பார்ப்பது 2,000–20,000 டால்டன் புரதங்களை, அதிலும் பெரும்பாலும் ரைபோசோம் புரதங்களை. சுவர் உடையாவிட்டால் அவை வெளியே வராது. கிராம் பாசிட்டிவுக்குச் சுவர் தடிமன், ஈஸ்டுக்கு இன்னும் மோசம்.

ஸ்மியர் மேல் 70% ஃபார்மிக் ஆசிட் 1 மைக்ரோலிட்டர் விடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே மேட்ரிக்ஸ் 1 மைக்ரோலிட்டர். ஈரத்தில் போட்டால் படிகம் சீராகப் படியாது.

கேண்டிடாவுக்கு அதுவும் போதவில்லையென்றால் டியூப் எக்ஸ்ட்ராக்‌ஷன்தான். 300 மைக்ரோலிட்டர் தண்ணீரில் காலனியைக் கரைத்து 900 மைக்ரோலிட்டர் எத்தனால் சேர்த்து, 13,000 ஆர்பிஎம்மில் 2 நிமிடம் சுழற்றுங்கள். எத்தனாலை மிச்சமில்லாமல் எடுத்து, அடியில் தங்கியதை உலர்த்தி, 70% ஃபார்மிக் ஆசிட்டும் அசிட்டோநைட்ரைலும் சம அளவில். மறுபடி சுழற்றி, மேலே தெளிந்ததில் 1 மைக்ரோலிட்டர். ஆசிட் வேலை எல்லாம் ஃபியூம் ஹுட்டுக்குள்.

பெட்ரி:
ஸ்மியரையும் பாருங்க. கண்ணுக்கு லேசாகத் தெரியும் படலம் போதும். அப்பினால் ஸ்கோர் ஏறாது, இறங்கும். அகார் ஒட்டி வந்தாலும் அதே கதி. 18–24 மணி நேரக் காலனி எடுங்க. ஃப்ரிட்ஜில் கிடந்த பிளேட் வேண்டாம். பேசில்லஸ் என்றால் ஸ்போர் வருவதற்குள் முடித்துவிடணும்.

கிராம்_ஸ்டெயின்:
2.0 தாண்டியதும் கண்ணை மூடி ரிப்போர்ட் போட்டுவிடாதீர்கள். ஷிகெல்லா ஈ. கோலை என்றே வரும், பேதி சாம்பிளில் பயோகெமிஸ்ட்ரியும் ஆன்டிசீராவும் கட்டாயம். நிமோகாக்கஸ் என்று வந்தால் ஆப்டோசின், பைல் சாலுபிலிட்டி சோதனைகள் பார்க்காமல் அதன் நெருங்கிய உறவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸை ஒதுக்க முடியாது. சால்மொனெல்லா என்றால் டைஃபியா பாராடைஃபியா என்பதும் இந்தக் கருவிக்குத் தெரியாது.

பர்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸ் என்று வந்தால் மட்டும் திறந்த மேசையில் வேலையை உடனே நிறுத்துங்கள். டேட்டாபேஸில் மீலியாய்டோசிஸ் கிருமியான சூடோமல்லை இல்லாவிட்டால் அது இந்தப் பெயரில்தான் வரும். ஆக்ஸிடேஸ் பாசிட்டிவ், ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் ரெசிஸ்டன்ட் என்றால் சந்தேகம் வலுக்கிறது. நேரடி ஸ்மியரில் எல்லாக் கிருமியும் சாகும் என்று நம்ப முடியாது. பயோசேஃப்டி கேபினெட்டில் எத்தனால் எக்ஸ்ட்ராக்‌ஷன் செய்து, 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடித்த பிறகே பிளேட்டில் வையுங்கள்.