குடி நின்ற மூன்றாம் நாள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பவானிப் பெண்:
எங்கள் அப்பா ஜமக்காளம் நெய்கிறவர். பல வருடங்களாகத் தினமும் குடிப்பார். ஆனால் தறி வேலையை ஒரு நாளும் விட்டதில்லை, தெருவில் விழுந்து கிடந்ததும் இல்லை. அதனால் சொந்தத்தில் யாரும் அவரைக் குடிகாரர் கணக்கில் சேர்த்ததில்லை. போன வருடம் வாசல்படியில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, முன்பு ஆபரேஷன் நடந்ததா என்று எல்லாம் கேட்டு எழுதினார்கள். குடிப்பாரா என்று மட்டும் கேட்கவில்லை.

முதல் ராத்திரியே கை நடுங்க ஆரம்பித்தது. வலி என்றார்கள். மறுநாள் பொட்டுத் தூக்கம் இல்லை, சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை. அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் அப்பா கட்டிலில் கிடந்தபடியே நெய்யத் தொடங்கினார். இல்லாத நாடாவைக் கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகிறார், முறிந்த காலால் மிதியை அழுத்தப் பார்க்கிறார். "கண்ணு, பாவு அறுந்துபோச்சு, அந்த நூலை எடு" என்று என்னிடம் கை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் போர்வை முழுக்க எறும்பு என்று தட்டிவிட ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டில் பாட்டி, "காத்து கருப்பு பட்டிருக்கு, மந்திரிச்சுக் கயிறு கட்டும்மா" என்றார்கள். எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

ராத்திரி டியூட்டிக்கு வந்த இளம் டாக்டரம்மாதான் முதல் பார்வையிலேயே, "அப்பா கடைசியா எப்போ குடிச்சாங்க?" என்று கேட்டார். அன்றைக்கே ஊசி போட்டு, பி1 வைட்டமினும் ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்து அப்பா கண் விழித்து, "இது எந்த ஊரு ஆஸ்பத்திரி?" என்றார். இடையில் நடந்த எதுவும் அவருக்கு நினைவில்லை. எலும்பு கூடிவிட்டது. குடியோடு இன்னும் போராட்டம்தான்.

இதைப் பேய் என்றும் பைத்தியம் என்றும் நினைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ இருக்கும். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

ஆண்கள் வார்டு செவிலியர்:
சகோதரி, கட்டிலில் தறி நெய்வது எங்கள் வார்டில் புதிதல்ல. பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புவார், தையல்காரர் ஊசியில் நூல் கோர்ப்பார், ஓட்டலில் வேலை பார்த்தவர் டீ ஆற்றுவார். ஆள் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் இருந்தாலும் கை மட்டும் பழகிய வேலையைச் செய்யும். இந்த நிலைக்கு டெலீரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக டி.டி. என்பார்கள்.

மூளையில் நரம்புகளின் துடிப்பை அடக்குகிற வேதிப்பொருள் காபா, அதைக் கிளப்புகிறது குளுட்டமேட். சாராயம் காபாவுக்குக் கை கொடுத்து, குளுட்டமேட்டைத் தடுக்கிறது. அதனால்தான் குடித்தவருக்குப் பயம் போகிறது, நாக்கு குழறுகிறது, தூக்கம் வருகிறது. இது தினமும் நடந்தால் மூளை சும்மா இருக்காது. காபாவுக்கு அசைந்துகொடுப்பதைக் குறைத்து, குளுட்டமேட் பக்கத்தைக் கூட்டி ஈடுகட்டிக்கொள்ளும். அப்படிப் பழகிய மூளையிலிருந்து ஒரே நாளில் சாராயத்தை எடுத்துவிட்டால், கூட்டி வைத்த கிளர்ச்சி மட்டும் மிஞ்சும். 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வேர்வை, படபடப்பு. வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். டி.டி. 48 முதல் 96 மணி நேரத்துக்குள். மூன்றாம் நாள் என்று ஊரில் சொல்வது அதனால்தான்.

குடிக்கிற எல்லோருக்கும் டி.டி. வராது. வந்தவரை வீட்டில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தால் உயிரே போகலாம். லோராசெபம் மாதிரி மருந்துகள் அதே காபா வழியாக வேலை செய்து மூளையை அமைதிப்படுத்தும், பிறகு அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 ஏன் என்றால், நெடுநாள் குடித்தவர்களின் உடம்பில் அது வற்றியிருக்கும். அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குப் புதிய சேதம் வரலாம். கண் அசைவு தப்பும், நடை தள்ளாடும், அப்புறம் ஞாபகமே நிரந்தரமாகப் போய்விடலாம். "சோர்வா இருக்காரு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்கிறவர்கள், அவர் குடிப்பவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கோவில்பட்டி அண்ணன்:
2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு டாஸ்மாக்கை மூடினார்கள். இரண்டாம் நாள் காலையில் என் தம்பி பல் துலக்கும்போது வலிப்பு வந்து விழுந்தான். அதுவரை அவனுக்கு வலிப்பே வந்ததில்லை. 108-இல் தூக்கிக்கொண்டு போனோம். கேரளத்தில் அப்போது டாக்டர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று அரசு உத்தரவு போட்டது. மருத்துவர் சங்கம் எதிர்த்தது, உயர் நீதிமன்றமும் அதை நிறுத்தி வைத்தது. சாராயத்துக்குச் சீட்டு எழுதுவது வைத்தியமில்லை, சரிதான். ஆனால் முறையான வைத்தியம் எங்கே கிடைக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லையே. மே 7-ஆம் தேதி கடை திறந்ததும் வரிசையில் நின்றவர்களை டிவியில் காட்டி எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த வரிசையில் பாதிப்பேருக்குக் கை நடுங்கியிருக்கும்.

பெயர் வேண்டாம்:
என் கதை வேறு மாதிரி. என் கணவருக்கு நடுக்கமோ வலிப்போ வந்ததில்லை, சந்தேகம் வந்தது. பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கடைசியில் என் அக்கா மகன் வரைக்கும். கதவைத் தாழ் போட்டுவிட்டு விடிய விடியக் கேள்வி கேட்பார். காலையில் கேட்டால் "நானா பேசினேன்?" என்பார். நடிக்கிறார் என்றுதான் வருடக்கணக்கில் நம்பினேன். அதிகக் குடியில் மூளை நடப்பதைப் பதிந்தே வைக்காது, அதனால் நிஜமாகவே நினைவிருக்காது என்று மனநல மருத்துவர் சொன்னார். அது தெரிந்ததும் கோபம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். நான் பட்டது பட்டதுதான். குடியை விட்ட பிறகும் சந்தேகம் உடனே போகவில்லை. அதற்குத் தனியாக மாத்திரை கொடுத்தார்கள். இப்போது பரவாயில்லை.

நாமக்கல் லாரி:
உள்ளே இருந்து எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். டி.டி.யில் எனக்கு மருத்துவமனை ஜன்னல் வழியே ஆள்கள் ஏறி வருவது தெரிந்தது. கனவு மாதிரி இல்லை. அவர்கள் சட்டையின் நிறத்தை இப்போதும் சொல்வேன். நர்ஸைத் தள்ளிவிட்டு ஓடப் பார்த்தேனாம். அது எனக்குத் துளியும் தெரியாது. அன்றைக்கு நான் தள்ளிய அந்த அம்மாவை நினைத்தால் இன்றும் மனசு பதறும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதற்குப் பிறகு உள்ள காலம். எல்லோரும் டிஸ்சார்ஜ் ஆனதும் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்கு ஒழுங்கான தூக்கம் வரவே மாதங்கள் ஆனது. குழந்தை சிரித்தால்கூட மனசில் ஒன்றும் அசையாது, சாப்பாடு ருசிக்காது. ஆனால் சாயங்காலம் வண்டி ஹைவேயில் திரும்பும்போது அந்தப் பச்சைப் போர்டு தெரிந்தால் போதும், வாயில் எச்சில் ஊறும், நெஞ்சு அடிக்கும். டோபமின் என்ற வேதிப்பொருள் பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே, அதை நினைவுபடுத்துகிற இடத்தையும் நேரத்தையும் கண்டாலே பாய்ந்துவிடும் என்று கவுன்சலர் சொன்னார். "உன் மனசு கெட்டதில்லைப்பா, உன் மூளை கற்றுக்கொண்டது அப்படி" என்றார். அதைக் கேட்டு அவர் முன்னாலேயே அழுதேன். அப்புறம் ரூட்டை மாற்றினேன், அந்த நேரத்தில் குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "உனக்கு வைராக்கியம் இல்லை" என்று அந்த மாதங்களில் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

திருச்சி அக்கா:
செவிலியர் தம்பியிடம் இரண்டு கேள்வி. என் தம்பி தினமும் குவார்ட்டருக்கு மேல் குடிக்கிறான். கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டு அன்றோடு விடப்போகிறேன் என்கிறான். போன முறை இரண்டாம் நாளே கை நடுங்கி, தூங்காமல் கிடந்தான். சாமி சோதிக்கிறார் என்று அம்மா சொன்னாள். என்ன செய்யலாம்? இன்னொன்று, அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கிற பொடி என்று விளம்பரம் வருகிறதே, அது வேலை செய்யுமா?

ஆண்கள் வார்டு செவிலியர்:
அக்கா, பொடி வேண்டவே வேண்டாம். அந்த மாதிரிப் பொடிகளில் டைசல்ஃபிரம் என்ற குடி நிறுத்த மருந்து இருந்தால், அது சாராயம் உடம்பில் முழுதாகச் சிதைவதைத் தடுத்து அசிட்டால்டிஹைடு என்ற நச்சைத் தேக்கும். மருத்துவர் அதைக் கொடுக்கும்போது ஆளுக்குத் தெரிவித்து, சம்மதம் வாங்கித்தான் கொடுப்பார். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போலக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கி, இதயம்கூட நின்றுபோகலாம்.

மாலை போடட்டும், நல்ல விஷயம். கார்த்திகை மாதத்தில் இப்படித் திடீரென நிறுத்தி நடுக்கத்தோடு வருகிறவர்களை எங்கள் வார்டில் பார்க்கிறோம். அதனால் மாலைக்குக் கொஞ்ச நாள் முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை: தினமும் எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எந்த மணிக்கு, போன முறை நடுங்கியது, வலிப்பு வந்ததுண்டா, மஞ்சள் காமாலை இருந்ததா, வேறு மாத்திரை ஏதாவது போடுகிறாரா. கல்லீரல் கெட்டிருந்தால் மருந்தையே மாற்றுவார்கள். போவதற்கு முன்பு யாரிடமாவது பேச வேண்டும் என்றால் போதை மீட்பு உதவி எண் 14446 அல்லது மனநல உதவி எண் 14416, இரண்டும் இலவசம். விரத நாளில் மாத்திரை சாப்பிடலாமா என்று அம்மா தயங்கினால் குருசாமியிடமே கேட்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த குருசாமி ஒருவர், டாக்டரைப் பார்த்துவிட்டு வா என்று சொன்ன பிறகுதான் மாலையைக் கையில் எடுப்பார்.